ஒன்றும் நடக்காத நாட்களின் வேலை

2000-ஆம் ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு மின்கம்பியில் இடி விழுந்தது. அந்த அதிர்ச்சியில் அல்புகெர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் தீப்பிடித்தது. பத்தே நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் தயாராகும் அறை, மருத்துவமனையின் அறுவை அரங்கைவிடத் தூய்மையாக இருக்க வேண்டிய இடம். அதற்குள் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன.

அந்த ஆலையின் சிப்புகளை அதிகம் வாங்கியவர்கள் இருவர்: பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன். ஒரு வாரம் தாமதமாகும் என்று இருவருக்கும் ஒரே தகவல் போனது. எரிக்சனில் அதைக் கேட்டுக்கொண்டவர்கள், ஒரு வாரம்தானே என்று இருந்துவிட்டார்கள். மேலிடத்துக்கு விஷயம் எட்டவே வாரக்கணக்கில் ஆயிற்று. நோக்கியாவின் கொள்முதல் பிரிவினரோ உடனே மேலே சொன்னார்கள். அந்த ஆலையிலிருந்து வரவேண்டிய சரக்கு, வாரம் ஒருமுறை விசாரிக்கும் பட்டியலிலிருந்து தினமும் விசாரிக்கும் பட்டியலுக்கு மாறியது. இரண்டு வாரம் கழித்து உண்மை தெரிந்தது. ஆலை பழைய நிலைக்கு வர மாதங்கள் பிடிக்கும்.

அதற்குள் நோக்கியா ஓடத் தொடங்கியிருந்தது. பிலிப்ஸின் வேறு ஆலைகளில் தனக்கு இடம் கேட்டு வாங்கியது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வேறு சப்ளையர்களைப் பிடித்தது. முடிந்த இடங்களில் கிடைக்கிற சிப்புக்கு ஏற்றபடி போனின் உள்ளமைப்பையே மாற்றியது. எரிக்சன் தேடிப் போனபோது வாங்குவதற்குச் சிப் மிச்சமில்லை. ஏறக்குறைய 40 கோடி டாலர் விற்பனை கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு அது தன் செல்போன் தொழிலைச் சோனியுடன் சேர்த்துக்கொண்டது.

நிர்வாகவியல் வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் நோக்கியாவின் வேகத்தைப் புகழ்வார்கள். வேகம் தீப்பிடித்த பிறகு வந்தது. தீப்பிடிப்பதற்கு வெகு முன்பே அங்கே ஒரு பழக்கம் இருந்தது: கெட்ட செய்தி கீழேயிருந்து மேலே தடையில்லாமல் போகும். சரக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர் திட்டு வாங்க மாட்டார். இப்படியொரு பழக்கத்தை ஒரே இரவில் உண்டாக்க முடியாது. எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கிற, சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்காத நாட்களில்தான் அது வேர்விடும்.

அதே நோக்கியாவைத் தமிழ்நாடும் அறியும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை திறந்தது. கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோன இளம்பெண்கள் பல ஆயிரம் பேருக்கு அது முதல் சம்பளம். 2007-இல் ஐபோன் வந்தது. செல்போன் என்ற பொருளின் இலக்கணமே மாறியது. நோக்கியா பின்தங்கியது, தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரித் தகராறில் மாட்டிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்டது. பிற்பாடு இரண்டு ஆய்வாளர்கள் நோக்கியாவில் பணியாற்றிய பலரைச் சந்தித்து, எங்கே சறுக்கியது என்று விசாரித்தார்கள். அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது பயம். புதிய மென்பொருள் தயாராகவில்லை என்ற உண்மையை மேலே சொல்ல நடுமட்டத்து மேலாளர்கள் அஞ்சினார்கள். 2000-இல் எந்தப் பழக்கம் அந்த நிறுவனத்தைக் காத்ததோ, அது பத்தாண்டுக்குள் தேய்ந்துபோயிருந்தது.

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இப்போது இரண்டு சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று நீடித்த தன்மை, இன்னொன்று மீள்திறன். முதலாவது, நாளைக்கு வேண்டியதை இன்றே தின்றுவிடாமல் தொழில் நடத்துவது. இரண்டாவது, அடி விழுந்தாலும் எழுந்து நிற்பது. உழவர் வீட்டில் இந்த இரண்டும் ஒரே பானைக்குள் இருந்தன. விதைநெல்லை எந்தப் பஞ்சத்திலும் உலையில் போடக்கூடாது என்ற கட்டுப்பாடுதான் அது. பானையில் சும்மா கிடக்கும் நெல்லைப் பார்த்தால் வீண் போலத்தான் தோன்றும். நவீன நிர்வாகம் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாக அப்படிச் சும்மா கிடப்பதையெல்லாம் தேடித்தேடி அகற்றியது. கிடங்குச் சரக்கு, உபரி ஆள், இரண்டாவது சப்ளையர், எல்லாமே செலவுக் கணக்கில் கழிந்தன.

இந்தச் சிக்கன வழிக்கு முன்னோடி டொயோட்டா. தேவையான உதிரிபாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் வந்து சேர வேண்டும் என்பது அதன் முறை. உலகமே அதைப் பார்த்துக் கற்றது. 1997 பிப்ரவரி 1 விடியற்காலையில் அந்த முறைக்குச் சோதனை வந்தது. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று எரிந்தது. பிரேக்குக்குள் இருக்கும் ஒரு சிறிய வால்வு அங்கே தயாரானது. டொயோட்டாவுக்கு வேண்டிய அந்த வால்வுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஓர் ஆலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. கையிருப்போ மிகச் சொற்பம். சில நாளில் ஜப்பான் முழுக்க டொயோட்டாவின் அசெம்பிளி வரிசைகள் நின்றன.

பிறகு நடந்ததை இன்றும் வியப்போடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. ஐசின் தன் வரைபடங்களை யார் கேட்டாலும் கொடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் பட்டறைகளில் அந்த வால்வைக் கடையத் தொடங்கின. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அவற்றில் ஒன்று. அதற்கு முன் அது கார் பாகம் எதையும் செய்ததில்லை. விலை என்ன, பணம் எப்போது என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் வண்டிகள் மறுபடி உருளத் தொடங்கின. பல பத்தாண்டுகளாகச் சப்ளையர்களை விரட்டாமல், கூடவே நின்று வேலை கற்றுக்கொடுத்து, கஷ்டத்தில் கைகொடுத்து வந்ததன் பலன் அது. சப்ளையரை ஆண்டுக்கொரு முறை விலையில் நெருக்கிப் பிழியும் கம்பெனிக்கு இந்த உதவி வந்திருக்காது.

அந்த உறவு மட்டும் போதாது என்பதை ஜப்பானின் 2011 மார்ச் 11 நிலநடுக்கம் காட்டியது. டொயோட்டாவுக்குத் தன் நேரடிச் சப்ளையர்களைத் தெரியும். அவர்களுக்குப் பொருள் கொடுப்பவர்கள், அவர்களுக்கும் கொடுப்பவர்கள் யார் யார் என்று தெரியாது. இரண்டு வெவ்வேறு சப்ளையர்களை வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்த இடத்தில், அந்த இருவரும் கீழே ஒரே சிறிய ஆலையை நம்பியிருந்தது அப்போதுதான் வெளிவந்தது. கார்களுக்கான சிப்புகளைச் செய்யும் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாக்கா ஆலை சேதமடைந்ததும், போட்டிக் கார் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஆள் அனுப்பின. உச்சத்தில் ஒரு நாளைக்கு 2,500 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிக முன்னதாக, ஜூன் மாதமே உற்பத்தி தொடங்கியது.

அதன் பிறகு டொயோட்டா செய்தது அலுப்பான வேலை. லட்சக்கணக்கான சப்ளையர் இடங்களை அடி மட்டம் வரை பதிவுசெய்து ஒரு தரவுத்தளம் உண்டாக்கியது. எந்தப் பாகம் வராவிட்டால் எது நிற்கும் என்று சுமார் 1,500 பொருள்களைக் குறித்துவைத்தது. சிப் போன்ற சிலவற்றுக்கு மட்டும், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை தாங்கும் சரக்கைக் கையில் வைத்திருக்கும்படி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. மற்றவற்றுக்குப் பழைய சிக்கன முறையே. எல்லாவற்றையும் குவித்துவைப்பதும் ஒன்றையும் வைக்காததும் எளிய முடிவுகள். எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் உழைப்பு வேண்டும். 2021 தொடக்கத்தில் சிப் பஞ்சம் வந்து உலகின் பெரிய கார் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றபோது டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சேமிப்பும் தீர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவி அங்கிருந்த பாக ஆலைகள் மூடியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அது தாக்குப்பிடித்த அந்தச் சில மாதங்கள் பல லட்சம் பேரின் வேலை நாட்கள்.

கார் ஆலையை விட்டு மதுரைக்கு வரலாம்.

டாக்டர் கோ.வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1976-இல், தன் 58-ஆம் வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு அவர் அறுவை செய்தார் என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. அவர் விட்டுச்சென்ற நிர்வாக முறையை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. பணம் கட்டுபவர்களின் கட்டணத்தில் பணம் கட்ட முடியாதவர்களின் சிகிச்சையும் நடக்கும். யாருடைய நன்கொடை நின்றாலும் மருத்துவமனையின் அன்றாடம் நிற்காது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் அதன் விலை சுமார் 100 டாலர். ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தை மதுரையிலேயே தொடங்கி அந்த லென்ஸைத் தாங்களே செய்தார்கள். விலை பத்தில் ஒரு பங்காக இறங்கியது. தர்மம் என்று தொடங்கியது, இறக்குமதியை நம்பியிருக்கும் பலவீனத்தையும் சேர்த்தே போக்கியது.

இதில் இன்னொரு பாதி உண்டு. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போது அடுத்தவரைச் செவிலியர்கள் தயார்செய்துவிடுவார்கள். கருவிகளைக் கொதிநீராவியில் சுத்திகரித்து மீண்டும் எடுப்பார்கள். துணிகளைத் துவைத்துப் பயன்படுத்துவார்கள். மேலைநாடுகளில் இவற்றில் பலவும் ஒருமுறை தொட்டதும் குப்பைக்குப் போகும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அரவிந்தில் ஒரு கண்புரை அறுவையால் வெளிப்படும் கரிமத்தைக் கணக்கிட்டது. ஏறக்குறைய 6 கிலோ. பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆகும் அளவில் சுமார் இருபதில் ஒரு பங்கு. நோய்த்தொற்று கூடியிருக்கிறதா என்றால் இல்லை.

பசுமைச் சான்றிதழ் வாங்குவதற்காக எவரும் இதைச் செய்யவில்லை. இல்லாதவருக்கும் பார்வை கிடைக்க வேண்டும், அதனால் ஒரு நூல்கூட வீணாகக் கூடாது என்ற பழைய பிடிவாதம் அது. சுற்றுச்சூழலுக்கென்று தனியே ஒரு பிரிவு, தனியே ஒரு பட்ஜெட், தனியே ஓர் அதிகாரி என்று வைத்து நடத்துகிற முயற்சிகளைவிட, தொழிலின் நடைமுறைக்குள்ளேயே கலந்திருக்கும் இத்தகைய சிக்கனம் நெடுநாள் நிற்கும்.

ஒடிசாவின் கதை அரசு நிர்வாகத்தின் கதை. 1999 அக்டோபர் 29-இல் கரையைக் கடந்த பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா வட்டாரத்தைக் கடல் ஏறிவந்து மூடியது. அப்போது அந்தக் கடற்கரை முழுவதற்கும் இருந்த புயல் காப்பகங்கள் செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய 23 மட்டுமே. அவற்றில் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். அந்தக் கணக்கு யாருக்கும் புரியாமல் போகவில்லை.

அடுத்த பதினான்கு ஆண்டுகள் அங்கே நடந்தது செய்தித்தாளில் வராத வேலை. பேரிடருக்கென்றே மாநிலம் தனி அமைப்பு ஒன்றை உண்டாக்கியது. இந்தியாவில் முதலாவது அது. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய காப்பகங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. இன்று 800-க்கும் மேல். ஊருக்கொரு குழு, யார் வீட்டில் முதியவர், யார் வீட்டில் கர்ப்பிணி, யாருக்கு நடக்க முடியாது என்ற பட்டியல், படகு ஓட்டவும் முதலுதவி செய்யவும் கற்ற இளைஞர்கள், புயல் வராத ஆண்டிலும் ஒத்திகை. 2013 அக்டோபர் 12-இல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரை ஏறியபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். உயிரிழப்பு ஐம்பதுக்குள் அடங்கியது. 2019 மே மாதம் ஃபானி புயல் வந்தபோது பன்னிரண்டு லட்சம் பேர் இடம்மாறினார்கள். இறந்தவர்கள் 64 பேர்.

எப்போதோ வரும் புயலுக்காகக் கட்டிய கட்டடம் பூட்டியே கிடந்தால் பத்தாண்டில் கதவு துருப்பிடித்து, கழிப்பறை இடிந்து, வேண்டிய நாளில் உதவாமல் போகும். ஒடிசாவில் அந்தக் காப்பகங்கள் மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகவும் கூட்டம் நடத்தும் இடமாகவும் பயன்படுகின்றன. கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டு, வரும் பணத்தில் பராமரிப்பதும் உண்டு. மீள்திறனுக்குச் செலவிட்ட பணம் வீண் என்று யாரும் சொல்ல முடியாதபடி, அது சாதாரண நாளிலும் சம்பாதிக்கிறது. அலுவலகங்களும் ஆலைகளும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அவசரத்துக்கென்று வைத்த ஜெனரேட்டரை மாதம் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காத இடங்கள் எத்தனை!

ஆனால் உயிர் பிழைத்தவர்களின் வீடும் தென்னையும் படகும் பிழைக்கவில்லை. ஃபானிக்குப் பிறகு பூரியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. உயிரைக் காக்கக் கற்றுக்கொண்ட நிர்வாகம் பிழைப்பைக் காக்க இன்னும் கற்றாக வேண்டும்.

சென்னையிலும் இப்படியொரு பாடம் கண்ணெதிரே இருந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை வந்தது. காலிக் குடங்களின் வரிசை உலகப் பத்திரிகைகளில் படமாக வந்தது. அதே ஊரின் மணலியில் இருக்கும் பெட்ரோலிய ஆலையும் உர ஆலையும் 1990-களிலிருந்தே நகரின் கழிவுநீரை வாங்கி, சுத்திகரித்துத் தொழிலுக்குப் பயன்படுத்திவருகின்றன. ஏரி வறண்டாலும் சாக்கடை வறளாது என்ற எளிய கணக்கு அது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்பும் பெரிய நிலையங்கள் 2019-இல்தான் வந்தன. முன்னுதாரணம் ஊருக்குள்ளேயே இருந்தும் கால் நூற்றாண்டு தாமதம்.

தாமதத்தின் விலையை முழுதாகக் கொடுத்த ஊர் திருப்பூர்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற வேண்டுமானால் தண்ணீரில் உப்பு நிறையப் போட வேண்டும். சாயத்தை நூலுக்குள் தள்ளுவது அந்த உப்பின் வேலை. வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்காது. முழுதும் கழிவுநீரோடு வெளியே வரும். நிறத்தை ரசாயனம் போட்டு ஓரளவு நீக்கலாம், நுண்ணுயிர்களை விட்டு மற்ற அழுக்கைத் தின்னவைக்கலாம், உப்பை இந்த இரண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. உப்புத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. கிணறுகள் உவர்த்தன. அணைக்குக் கீழே இருந்த உழவர்கள், அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். தன் வயலுக்கு மேலே இருக்கும் அணையைக் கண்டு உழவர் அஞ்சுவது எவ்வளவு பெரிய துயரம்!

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கெடு வந்தது, நீண்டது, மறுபடி வந்தது. தாங்காது, தொழில் அழியும், போட்டி நாடுகளுக்கு ஆர்டர் போய்விடும் என்ற வாதங்களில் பொய் இல்லை. ஆனால் தொழில் நன்றாக ஓடிய ஆண்டுகளில், கையில் லாபம் இருந்தபோது செய்திருக்க வேண்டிய வேலை அது. 2011 ஜனவரி 28-இல் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. துணியை வெளியூர்களுக்கு ஏற்றிச் சென்று சாயம் போட்டுவந்து ஆர்டரை முடித்தவர்கள் உண்டு. முடிக்க முடியாமல் தொழிலை விட்டவர்களும் உண்டு. பட்டறை நின்றால் சாய வேலைக்காரர் மட்டும் நிற்பதில்லை; கட்டிங் மாஸ்டர், தையல்காரர், செக்கிங் பெண்கள், அட்டைப்பெட்டி செய்பவர், டீக்கடைக்காரர் வரை அந்தச் சங்கிலி நீளும்.

மீண்டு வந்த வழி கவனிக்கத்தக்கது. ஒரு சிறிய பட்டறை தனியாகக் கழிவற்ற சுத்திகரிப்பை ஏற்படுத்த முடியாது. அதற்கு ஆகும் பணத்தில் பட்டறையையே வாங்கிவிடலாம். பட்டறைக்காரர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் பொது நிலையங்கள் மட்டுமே ஊருக்குக் கட்டுப்படியாகும். மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. அருள்புரம் நிலையத்தில் ஓட்டிக் காட்டிய முறை மற்ற நிலையங்களுக்குத் தைரியம் தந்தது. கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிகளுக்குப் போகும். பிறகு சவ்வு வடிகட்டிகள் வழியே தள்ளப்படும். நல்ல தண்ணீர் ஒருபுறமும் அடர்ந்த உப்புநீர் மறுபுறமும் பிரியும். நல்ல தண்ணீர் குழாய் வழியே பட்டறைக்கே திரும்பும். உப்புநீரைத் தெளியவைத்து, அதையும் சாயம் போடவே மீண்டும் கொடுப்பார்கள். புதிதாக உப்பு வாங்கும் செலவு அந்த அளவுக்கு மிச்சம். எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்குவார்கள். உள்ளே வரும் தண்ணீரில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் இப்படித் திரும்பக் கிடைக்கிறது. பட்டறைக்குள்ளேயும் மாற்றம் வந்தது. தண்ணீரைக் குடித்துத் தீர்த்த பழைய விஞ்ச் தொட்டிகளுக்குப் பதிலாகக் குறைந்த தண்ணீரில் வேலை முடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் வந்தன. கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் பணம் கட்ட வேண்டி வந்தபோதுதான், எத்தனை லிட்டர் பிடிக்கிறோம் என்று பார்க்கும் வழக்கம் வந்தது.

இன்று பதினெட்டு பொது நிலையங்கள் அந்த ஊரின் சாயத்தொழிலைத் தாங்குகின்றன. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்கிய காலத்தில், திருப்பூரால் ஒரு பதில் சொல்ல முடிகிறது. தண்டனையாக வந்த செலவு, ஆர்டர் பிடிக்கும்போது பேசும் பொருளாக மாறியது.

இதை முழு வெற்றி என்று எழுதினால் நியாயமாகாது. உப்புநீரைக் காய்ச்சக் கொதிகலன் எரிய வேண்டும். ஆற்றைக் காக்க விறகோ நிலக்கரியோ புகையாகிறது. காற்றாலைகளில் முதலீடு செய்த திருப்பூர்க்காரர்கள் மின்சாரத்தின் பங்கை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். நீராவிக்கு அப்படியொரு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. அனுமதியில்லாத பட்டறைகள் இரவிலும் மழையிலும் சாயநீரைத் திறந்துவிடுகின்றன என்ற புகார்கள் ஓயவில்லை. முறையாகப் பணம் கட்டிச் சுத்திகரிப்பவருக்கும் கட்டாமல் தப்புபவருக்கும் ஒரே சந்தையில் போட்டி நடந்தால், முறையானவர் எவ்வளவு நாள் தாங்குவார்? அரசின் கண்காணிப்பு தளர்வது ஆற்றை மட்டும் கெடுப்பதில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவரையும் தோற்கடிக்கிறது. 2011-க்கு முன் உவர்த்துப்போன கிணறுகளில் பல இன்னும் நல்ல தண்ணீருக்குத் திரும்பவில்லை. அந்த நிலங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையங்களின் வெற்றியால் கிடைத்தது குறைவு.

இன்னொன்று, கலப்பு உப்பு. சுத்திகரிப்பின் கடைசிப் படியில் காய்ச்சி எடுத்ததில் நல்ல உப்பைப் பிரித்தது போக ஒரு மிச்சம் உண்டு. சாயமும் பலவகை உப்புகளும் ஒன்றோடொன்று கலந்த பழுப்புக் கட்டி. அதைத் துணிக்குப் போட முடியாது, மண்ணில் கொட்ட முடியாது, எரித்தாலும் தீராது. பிரித்தெடுக்கும் வழிகளை ஆராய்ச்சி நிலையங்களும் நிறுவனங்களும் முயன்றுவருகின்றன. செலவு கட்டுப்படியாகும் வழி எல்லா நிலையங்களுக்கும் இன்னும் வாய்க்கவில்லை. அதுவரை நிலைய வளாகங்களில் கூரை போட்ட கொட்டகைகளுக்குள் அந்த உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. ஒரு மழை அதன்மேல் பெய்தால் இத்தனை ஆண்டு பிடித்துவைத்த உப்பு மறுபடி நொய்யலுக்கு வழி தேடும். ஆகவே கூரை ஒழுகுகிறதா, தரை கசிகிறதா, மூட்டை கிழிந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது.